டாக்டர் எல்லாப்பிரகட சுப்பாராவ்

துறைமுகத்தைக் கடந்து, இராயபுரம், காசிமேடு, தண்டையார்ப்பேட்டை, திருவொற்றியூர் என வடக்கு நோக்கி எண்ணூர் வரையில் ஒரு நாள் சென்று பார்ப்போர்க்கு, ஒரு பக்கம் கடலும் கட்டுமரமும் வலையும், மற்றொரு பக்கம் ஆலையும் புகைபோக்கியும் பாரவண்டிகளும் இடைவிடாது தென்படும். இவ்விரண்டிற்கும் நடுவே நெருங்கி வாழும் மக்கள் உடல் நலிந்த காலத்துப் பெரும்பாலும் நாடிச் செல்லுமிடம் பழைய சிறைச்சாலைச் சாலையிலுள்ள ஸ்டான்லி ஆஸ்பத்திரியாகும். அதனைச் சேர்ந்த கலாசாலை, இராயபுரம் மெடிகல் ஸ்கூல் என்று முன்னர் வழங்கி, 1938-ஆம் ஆண்டில் மெடிகல் காலேஜாக உயர்ந்ததென்பது நம்மூரார் அறிந்த செய்தியே.

இத்தகைய ஆஸ்பத்திரி ஒன்றில் மருந்து கொடுக்கும் சாளரத்தின் முன் சிறிது நேரம் நிற்போமாயின், இருவகை மாத்திரைகளைக் காணலாம். ஒன்று, கொசுக்கடியால் வரும் யானைக்கால் நோய்க்குக் கொடுப்பது. மற்றொன்று, மஞ்சள் நிறமுடைய சிறு மாத்திரை. இரத்தப் புற்றுநோய் கொண்ட குழந்தையின் தாய் அதனை முந்தானையில் முடிந்துகொண்டு போவாள். இவ்விரண்டும் ஒரே மனிதரின் தலைமையில் நடந்த ஆராய்ச்சியினின்று பிறந்தவை. அம்மனிதர் வேற்று நாட்டில் உயிர் துறந்தவராயினும், கல்வி கற்றது இந்தச் சென்னை மாநகரிலேயாம். தினந்தோறும் அவருடைய மருந்தை உட்கொள்வோருள் அவர் பெயரை அறிந்தவர் நூற்றில் ஒருவரேனும் உளரோவென்பது ஐயமே. அக்குறையைச் சிறிதேனும் நீக்கக் கருதி, அன்னாருடைய சரிதத்தை நம் கலாசாலை அன்பர்களுக்குச் சுருங்க உரைக்கப் புகுகின்றோம்.

இளமை

எல்லாப்பிரகட சுப்பாராவ் 1895-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 12-ந் தேதி பீமவரத்தில் பிறந்தார். இன்று ஆந்திரப் பிரதேசத்திலுள்ள அவ்வூர் அந்நாளில் சென்னை ராஜதானியைச் சேர்ந்திருந்தது. தந்தையார் ஜகந்நாதம் என்பவர் ரெவினியூ இலாகாவில் உத்தியோகம் பார்த்தவர். நோயினால் உத்தியோகத்தை இளமையிலேயே விட நேர்ந்தது. தாயார் வெங்கம்மா மனவுறுதி மிக்கவர். மக்கள் எழுவரைக் காக்கவேண்டிய அக்குடும்பத்தில் வறுமை அழையாத விருந்தாளியாய் வந்து குடியிருந்தது.

சுப்பாராவ் இளமையில் நல்ல மாணாக்கரென்று பெயரெடுத்தவரல்லர். தமது பதின்மூன்றாம் வயதில், காசிக்குச் சென்று யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றுச் செல்வனாகிவிடலாம் என்னும் எண்ணத்தோடு வீட்டைவிட்டு ஓடினார். வழியிலே பிடித்துக் கொணரப்பட்டார். பின்னர்ப் பள்ளியில் மெட்ரிகுலேஷன் பரீக்ஷையில் இருமுறை தவறினார். தந்தையார் இறந்தபின், தாயார் தம் நகைகளை விற்று மகனைச் சென்னைக்கு அனுப்பினார். திருவல்லிக்கேணி ஹிந்து ஹைஸ்கூலில் பயின்று மூன்றாம் முறை அப்பரீக்ஷையில் தேறினார். பிறகு ராஜதானிக் கலாசாலையில் இண்டர்மீடியட் வகுப்பில் சேர்ந்து, கணிதத்தில் பெருவிருப்புடையவராய் விளங்கினார்.

அக்காலத்தே துறவு பூண்டு ராமகிருஷ்ண மடத்திற் சேரவேண்டுமென்னும் ஆசை அவரைப் பற்றியது. தாயார் அதற்கு இசையவில்லை. மடத்தாரும் வைத்தியம் பயின்று பிறர்க்குத் தொண்டு செய்தலே தகுதியென வழிகாட்டினர். இங்ஙனம் கணிதத்தையும் துறவையும் விடுத்து, சென்னை மெடிகல் காலேஜிற் புகுந்தார். படிப்புச் செலவிற் பெரும்பகுதியை அவருக்குப் பெண் கொடுத்த மாமனார் கஸ்தூரி சூரியநாராயணமூர்த்தி ஏற்றுக்கொண்டார். மனைவியின் பெயர் சேஷகிரி. இப்பெயரை நேயர்கள் நினைவில் வைக்கும்படி வேண்டுகின்றோம். பின்னர் ஒருமுறை இவரைப் பற்றிப் பேசவேண்டியிருக்கும்.

வைத்தியக் கல்வியும் வீட்டுத் துயரமும்

காந்தியடிகளின் வேண்டுகோளை மதித்து, சுப்பாராவ் அறுவைச் சிகிச்சை வகுப்பிலும் கதராடையே அணிந்தார். இது பேராசிரியர் ஒருவருக்கு வெறுப்பை விளைத்தது. எழுதிய விடைகள் நன்றாயிருந்தும், 1921-ஆம் ஆண்டில் அவருக்குக் கிடைத்தது எம். பி., பி. எஸ். பட்டமன்று, அதனினும் தாழ்ந்த எல். எம். எஸ். தகுதிச் சான்றிதழே. பிறகு அவர் சென்னை அரசாங்க வைத்திய இலாகாவிற் சேர முயன்றும் இடம் கிடைக்கவில்லை.

இதனினும் கொடியதொரு துயரம் வீட்டில் நேர்ந்தது. தமையன் புருஷோத்தமனும் தம்பி கிருஷ்ணமூர்த்தியும் ஒருவர்பின் ஒருவராகச் சில தினங்களுக்குள் உயிர் நீத்தனர். இருவரையும் கொண்டுசென்றது ஸ்ப்ரூ என்னும் நோய். இந்நோயில் குடல் உணவின் சாரத்தை ஏற்காது; இடைவிடாத கழிச்சல் உண்டாகும்; வாயும் நாவும் புண்ணாகும்; இரத்தம் வெளுத்து உடல் உருகிப்போகும். உண்டும் பட்டினியாய் மடிவதே அதன் இயல்பு. வைத்தியம் பயின்ற சுப்பாராவ் அதனைத் தடுக்க வகையறியாது நின்றார். ஏனெனில், அந்நாளில் அறிந்தவர் உலகில் ஒருவருமிலர்.

சில காலத்தில் அதே நோய் அவரையும் பிடித்தது. டாக்டர் ஆசண்ட லக்ஷ்மீபதி என்னும் ஆயுர்வேத அறிஞரின் சிகிச்சையால் அவர் பிழைத்தார். அதுமுதல் லக்ஷ்மீபதியின் சென்னை ஆயுர்வேதக் கலாசாலையில் உடற்கூற்று நூல் கற்பிக்கும் ஆசிரியராக அமர்ந்தார். மேல்நாட்டு வைத்தியம் கைவிட்ட இடத்தில் பச்சிலை தன்னைக் காத்ததெனில், அதில் அடங்கிய பொருள் யாது என்னும் வினா அவர் உள்ளத்தில் முளைத்திருத்தல் வியப்பன்று. அதனை ஆராயும் கருவிகள் இங்கில்லை. எனவே, மாமனாரும் காக்கிநாடாவைச் சேர்ந்த மல்லாடி சத்தியலிங்க நாயக்கர் தருமநிதியாரும் அளித்த பொருளுதவியைக்கொண்டு கடல் கடக்கத் துணிந்தார்.

அப்போது சேஷகிரி கருவுற்றிருந்தார். விரைவில் திரும்புவதாகச் சொல்லிப் பிரிந்த கணவர் மீண்டு வரவேயில்லை. பிறந்த ஆண் குழந்தை குழவிப் பருவத்திலேயே இறந்தது. தந்தை அதன் முகத்தைக் கண்டதில்லை.

பாஸ்டன் நகரில்

1923-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் சுப்பாராவ் அமெரிக்காவிலுள்ள பாஸ்டன் நகரை அடைந்தார். ஹார்வர்டு சர்வகலாசாலையின் உஷ்ணதேச வைத்தியப் பள்ளியில் அவர்க்கு இடம் கிடைத்தது. ஆயின் உபகாரச் சம்பளம் கிடைக்கவில்லை. சென்னையிற் பெற்ற சான்றிதழ் அங்கே டாக்டர் வேலைக்கு உதவவில்லை. ஆகவே, இரவில் ஓர் ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் மலசலப் பாத்திரங்களைக் கழுவும் பணி செய்து, பகலில் பாடம் கேட்டார். ரிச்சர்ட் ஸ்ட்ராங் என்னும் பேராசிரியர் அவருக்குச் செய்த உதவி மறக்கற்பாலதன்று.

அப்பள்ளியிற் டிப்ளமா பெற்றபின், ஜீவ ரஸாயனப் பகுதியில் சைரஸ் பிஸ்கே என்பவரின்கீழ் ஆராய்ச்சி தொடங்கினார். இரத்தத்திலும் சிறுநீரிலும் எவ்வளவு பாஸ்பரஸ் உள்ளதென்று அளந்தறிய இருவரும் ஒரு முறையை வகுத்து 1925-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். குறிப்பிட்ட திரவங்களைச் சேர்த்தால் நீலநிறம் தோன்றும். நிறத்தின் ஆழத்தைக்கொண்டு பாஸ்பரஸின் அளவைக் கணக்கிடலாம். பிஸ்கே-சுப்பாராவ் முறை என்று உலகெங்கும் பெயர்பெற்ற இதனை, நம் நாட்டு ஜீவ ரஸாயன மாணாக்கரும் பல தலைமுறைகளாகக் கற்று வருகின்றனர். அப்பெயரின் பிற்பாதி சென்னையிற் படித்த ஒருவருடையதென்று அறியாமலே கற்றாரும் பலர்.

இம்முறை கைவந்தபின் தசையை ஆராய்ந்தனர். 1927-ஆம் ஆண்டில் பாஸ்போகிரியேட்டின் என்னும் பொருளையும், 1929-ஆம் ஆண்டில் ஏ. டி. பி. எனச் சுருக்கி வழங்கும் பொருளையும் கண்டறிந்தனர். பின்னதை ஜெர்மனியில் கார்ல் லோமன் என்பவரும் அதே காலத்தில் தனித்துக் கண்டார். உண்ட உணவின் சக்தியை உயிரணு ஏ. டி. பி. என்னும் கைக்காசாக மாற்றியே செலவிடுகின்றது. துறைமுகத்தில் மூட்டை தூக்கும் தொழிலாளியின் தோளும், பரீக்ஷைக்குப் படிக்கும் மாணவனின் மூளையும் இக்காசினாலேயே இயங்குகின்றன. 1930-ஆம் ஆண்டில் சுப்பாராவ் பிஎச். டி. பட்டம் பெற்றார். ஆயினும், ஹார்வர்டு அவருக்கு நிரந்தரப் பதவி அளிக்கவில்லை.

1940-ஆம் ஆண்டில் அவர் நியூயார்க் மாகாணத்தில் பேர்ல் ரிவர் என்னும் ஊரிலிருந்த லெடர்லி மருந்து ஆராய்ச்சிச் சாலையிற் சேர்ந்தார். இரண்டாண்டுகளில் அதன் ஆராய்ச்சித் தலைவரானார். இரவில் பாத்திரம் கழுவியவரின் சொல்லுக்குப் பல ரஸாயன அறிஞர்கள் காத்து நிற்கும் காலம் வந்தது.

கீரையிற் கிடைத்த பொருள்

இனி நம் கதை பம்பாய்க்குத் திரும்புகின்றது. 1928-ஆம் ஆண்டளவில் லூஸி வில்ஸ் என்னும் ஆங்கில வைத்திய மாது அந்நகரில் நெசவாலைகளில் வேலை செய்த ஏழைக் கர்ப்பிணிகளுக்கு வரும் கொடிய இரத்தச் சோகையை ஆராய்ந்தார். இரும்புச் சத்தினாலும் தீராத அச்சோகை, ஈஸ்டிலிருந்து செய்யப்பெற்ற மலிவான உணவுச் சாறொன்றினால் தீர்ந்தது. ஈஸ்டிலும் ஈரலிலும் இருந்து இரத்தத்தை வளர்க்கும் அப்பொருள் யாதென்று எவர்க்கும் விளங்கவில்லை. 1941-ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் சிலர் நான்கு டன் பசலைவகைக் கீரையை அரைத்துப் பிழிந்து ஒரு பொருளைச் சிறிதளவு பிரித்தெடுத்து, இலையெனப் பொருள்படும் லத்தீன் சொல்லினின்று போலிக் ஆஸிட் என்று பெயரிட்டனர். இரண்டும் ஓரினத்தனவென்பது பின்னர்த் தெளிவாயிற்று.

சுப்பாராவ் பல்லாண்டுகளாக ஈரற்சாற்றில் இரத்தச் சோகைக்கு மருந்தினைத் தேடிவந்தவர். லெடர்லியில் அவருடைய குழுவினர் அப்பொருளைத் தூய படிகமாகப் பிரித்தனர். 1945-ஆம் ஆண்டில் ரஸாயனச் சாலையிலேயே அதனைச் செயற்கையாக ஆக்கும் வழியையும் வெளியிட்டனர். டன் கணக்கில் கீரை அரைத்தாலும் கிடைத்தற்கரிய பொருள் பாட்டிற் பாட்டிலாய்க் கிடைத்தது. டாம் ஸ்பீஸ் முதலிய வைத்தியர்கள் அதனை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது, இரத்தச் சோகை நீங்கியது. அதனோடு ஸ்ப்ரூ நோயும் நீங்கியது.

மாணவ அன்பர்களே, இவ்விடத்தில் நாம் சிறிது நிற்றல் வேண்டும். இரு சகோதரரைக் கொன்ற நோய்க்கு, எஞ்சிய சகோதரன் சுமார் இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து மருந்து செய்து முடித்தான். பழி தீர்ப்பதென்றால் இப்படியன்றோ தீர்த்தல் வேண்டும்!

உணவே பகையான விந்தை

ஈண்டுதான் சரிதத்தின் முக்கியப் பகுதி தொடங்குகின்றது. பாஸ்டன் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் ஸிட்னி பார்பர் என்னும் நோய்க்கூற்று அறிஞர் இருந்தார். லூக்கீமியா என்னும் இரத்தப் புற்றுநோய் கொண்ட குழந்தைகள் சில வாரங்களிலோ மாதங்களிலோ இறந்துபோவதைக் காண்பதன்றி வேறொன்றும் செய்ய இயலாதிருந்த காலம் அது. போலிக் ஆஸிட் இரத்தத்தைச் செம்மைப்படுத்துகின்றதாதலின், கெட்டுப்போன வெள்ளணுக்களையும் அது திருத்தக்கூடுமோ என்று எண்ணி, அவ்வினப் பொருள்களைக் குழந்தைகளுக்குக் கொடுத்தார். விளைவு நேர்மாறாயிற்று. எலும்பின் மச்சையிற் புற்றணுக்கள் முன்னினும் விரைந்து பெருகின.

நம்பிக்கை தவறியதென்று சோர்ந்திருப்பின் கதை அத்துடன் முடிந்திருக்கும். பார்பர் வேறு விதமாகச் சிந்தித்தார். இவ்வுணவைக் கொடுத்தால் புற்று வளருமாயின், இதனைத் தடுத்தால் புற்று வாடுதல் வேண்டுமன்றோ? ஆயின் உணவில் கீரையை நீக்குவது மட்டும் போதாது. உடலுக்குள்ளேயே போலிக் ஆஸிடின் வேலையைத் தடுக்கும் பகைப்பொருள் வேண்டும். அத்தகைய பொருள்களைச் சுப்பாராவின் குழுவினர் ஏற்கெனவே செய்து வந்தனர். போலிக் ஆஸிடின் உருவத்தில் ஒரு மூலையிற் சிறு மாறுதல் செய்தால் அதைப்போலவே தோன்றும், ஆனால் அதன் வேலையைச் செய்யாத, போலிப் பொருள் பிறக்கும். ஒவ்வொன்றாக இவை பாஸ்டனுக்குச் சென்றன. முன் வந்தவை சிறிதே பயன்பட்டன. 1947-ஆம் ஆண்டின் இறுதியில் வந்த அமினோப்டெரின் என்பதே வலிமையுடையதாயிற்று.

பதினாறு குழந்தைகளுக்கு அமினோப்டெரின் கொடுத்ததில் பத்துப் பேர்க்கு நோய் தணிந்தது என்று 1948-ஆம் ஆண்டு ஜூன் மாதத்திற் பார்பர் குழுவினர் வெளியிட்டனர். வீங்கிய மண்ணீரல் சுருங்கிற்று, இரத்தம் தேறிற்று, படுக்கையிற் கிடந்த குழந்தைகள் எழுந்து விளையாடின. ஆயின், உண்மையை மறைத்தல் தகாது. அத்தணிவு நிலைக்கவில்லை. சில மாதங்களில் நோய் திரும்பியது. அக்கட்டுரையாளர்களும் நிரந்தர நலம் கிடைத்ததாகக் கூறவில்லை. எனினும், இந்த நோய் மருந்துக்குப் பணியும் என்பது அன்றே முதன்முதல் தெரிந்தது. பூட்டிய கதவு சிறிது அசைந்ததைக் கண்டவர் அதனைத் தள்ளாது விடுவரோ?

அமினோப்டெரினில் மற்றுமொரு சிறு மாறுதல் செய்து பிறந்தது மெதோட்ரெக்ஸேட். நச்சுத்தன்மையைக் கையாளுதல் இதில் எளிதாயிருந்தமையின், முன்னதன் இடத்தை இது பிடித்துக்கொண்டது. நாம் முதலில் கூறிய மஞ்சள் மாத்திரை இதுவே.

படகும் பட்டறையும்

மருந்து வேலை செய்தது. எவ்வாறு செய்தது என்பதோ பத்தாண்டுகள் வரையிற் தெளியவில்லை. 1958-ஆம் ஆண்டில் ஆஸ்பார்ன், ஹன்னெகென்ஸ் முதலிய ஆராய்ச்சியாளர், உடலிலுள்ள ஒரு நொதியை, அதாவது என்ஸைமை, இது பற்றித் தடுக்கின்றதென்று காட்டினர். டைஹைட்ரோபோலேட் ரிடக்டேஸ் என்பது அந்நொதியின் பெயர். பெயர் நீளமாயினும் அதன் தொழிலை நம்மூர்ப் பழங்காட்சி ஒன்றினால் விளக்கலாம்.

சென்னையில் துறைமுகம் கட்டப்பெறாத காலத்தில் கப்பல்கள் கரையை நெருங்க முடியாமல் நடுக்கடலிலேயே நங்கூரமிட்டு நின்றன. கயிற்றால் தைத்த மசூலாப் படகுகளே அலைகளைக் கடந்து சரக்குகளைக் கரை சேர்த்தன. உயிரணுவினுள் போலிக் ஆஸிட் இத்தகைய படகேயாகும். கரியணு ஒன்றினைக் கொண்ட சிறு சரக்குகளை ஏற்றிச் சென்று, மரபுப்பொருளாகிய டி. என். ஏ.யைக் கட்டுமிடத்தில் இறக்குவது அதன் தொழில். அங்ஙனம் டி. என். ஏ.க்குரிய தைமின் என்னும் உறுப்புக்குச் சரக்கை இறக்கிய ஒவ்வொரு தடவையும் படகு பழுதாகித் திரும்புகின்றது. பழுது பார்த்து மறுபடி கடலில் இறக்கும் பட்டறையே இந்த நொதி. மெதோட்ரெக்ஸேட், படகைப் போன்ற தோற்றத்தோடு பட்டறைக்குள் நுழைந்து, இருந்த இடத்தைவிட்டு அசையாமல் அடைத்துக்கொள்கின்றது. உண்மைப் படகினும் ஆயிரம் மடங்குக்கு மேலாக இறுகப் பற்றுகின்றது. பழுதான படகுகள் வெளியே குவிகின்றன. சரக்கு வராமையால் டி. என். ஏ. கட்டும் வேலை நின்றுபோகின்றது. இரண்டாகப் பிரியவேண்டிய அணு பிரியமாட்டாமல் மடிகின்றது.

ஓய்வின்றிப் பெருகும் புற்றணுவுக்கே சரக்கு மிகுதியும் தேவையாதலின், அதற்கே அடி வலிதாக விழுகின்றது. ஆயினும் எலும்பு மச்சை, வாய், குடல் முதலியவற்றிலுள்ள நல்லணுக்களும் விரைந்து பெருகுபவையே. ஆகவே, மருந்துண்போர்க்கு வாய்ப்புண்ணும் கழிச்சலும் இரத்தக் குறைவும் உண்டாகலாம். இவை ஸ்ப்ரூ நோயின் அறிகுறிகளை ஒத்திருப்பதை உற்று நோக்குக. சகோதரரைக் கொன்ற குறையை அளவறிந்து வருவித்தே புற்றுநோயைச் சுப்பாராவின் மருந்து தாக்குகின்றது. நஞ்சும் அமுதும் அளவினால் வேறுபடும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று நாம் கண்டதில்லை. மிகுந்த அளவில் மருந்து கொடுத்தபின், நல்லணுக்களைக் காக்க லியூகோவோரின் என்னும் பழுதற்ற படகை வெளியிலிருந்து அனுப்பும் முறையும் பிற்பாடு ஏற்பட்டது.

புற்றணுவும் வாளாவிருப்பதில்லை. சிலவேளை அது தன் பட்டறைகளின் தொகையைப் பெருக்கிக்கொள்கின்றது. ஒன்றை அடைத்தால் மற்றவை வேலை செய்யுமன்றோ? நொதியை ஆக்கும் மரபுக்கூறே பலபடியாகப் பெருகுவதால் இது நிகழ்கின்றதென்று 1978-ஆம் ஆண்டில் ராபர்ட் ஷிம்கே குழுவினர் கண்டனர். ஒரு மருந்தை மட்டும் நம்பாமல் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கவேண்டியதன் காரணங்களுள் இஃதொன்றாம்.

1956-ஆம் ஆண்டில் மின் சியூ லீ, ராய் ஹெர்ட்ஸ் என்னும் இருவர், கர்ப்பத்தின் நஞ்சுக்கொடித் திசுவினின்று தோன்றும் கோரியோகார்ஸினோமா என்னும் புற்றுநோய், உடலெங்கும் பரவிய நிலையிலும் மெதோட்ரெக்ஸேட்டினால் அடங்கியதை அறிவித்தனர். கட்டியாக வளரும் புற்றுநோயொன்று மருந்தினாலேயே தீர்ந்தது அதுவே முதல் முறை. குழந்தைகளின் கடும் லூக்கீமியாவிலும், வசதி மிக்க நாடுகளில் இன்று பத்தில் ஒன்பது குழந்தைகள் வரை பிழைக்கின்றனர். பல மருந்துகள் சேர்ந்து செய்த வெற்றி இது. அவற்றுள் மெதோட்ரெக்ஸேட் இன்றும் நீங்காத இடம் பெற்றுள்ளது. மூட்டுவாத நோயாளர்க்கும் இது சிறிய அளவில் வாரத்திற்கு ஒருமுறை கொடுக்கப்படுகின்றது. வாரத்திற்கு ஒருமுறை உண்ணவேண்டியதை நாள்தோறும் உண்டால் உயிர்க்கே கேடாகுமென்பதை நம் வீட்டுப் பெரியோர்களுக்கு மாணவர்கள் எடுத்துச் சொல்வது நலம்.

வேறு சில கொடைகள்

1947-ஆம் ஆண்டில் அவருடைய ஆராய்ச்சிச் சாலையினின்று ஹெட்ரஸான் என்னும் மருந்து வெளிவந்தது. டைஎதில்கார்பமஸீன் என்பது அதன் ரஸாயனப் பெயர். யானைக்கால் நோயை உண்டாக்கும் நுண்புழுக்களை இரத்தத்தினின்று போக்கும் இம்மருந்து, சாக்கடையும் தேங்கிய நீரும் கொசுவும் மிக்க நம் கடலோர நகரங்களுக்குச் செய்த நன்மை பெரிது. வீங்கிய காலை முற்றிலும் பழைய நிலைக்குக் கொணர அதனால் இயலாதாயினும், நோய் பரவாமற் காக்க வல்லது. இந்தியாவில் இலட்சக்கணக்கானோர்க்கு ஒருங்கே வழங்கப்பெற்று வந்துள்ளது. சுப்பாராவின் தலைமைக் காலத்திலேயே பெஞ்சமின் டக்கர் என்னும் முதிய தாவர நூலறிஞர் மண்ணினின்று ஆரியோமைஸின் என்னும் கிருமிநாசினியைக் கண்டெடுத்தார்; 1948-ஆம் ஆண்டில் அது உலகிற்கு அறிவிக்கப்பட்டது. பலவகை நுண்ணுயிர்களை ஒருங்கே தாக்கும் டெட்ராஸைக்ளின் மருந்துகளுள் அதுவே முதலாவது.

மறைவும் மதிப்பீடும்

1948-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், தமது ஐம்பத்துமூன்றாம் வயதில், சுப்பாராவ் உறக்கத்திலேயே மாரடைப்பினால் காலமானார். அமினோப்டெரின் பற்றிய செய்தி வெளிவந்து இரண்டு திங்கள் மட்டுமே கழிந்திருந்தன. தம் மருந்து எந்த நொதியைப் பற்றுகின்றதென்பதை அவர் அறியவில்லை. குழந்தைகள் நிலையாகப் பிழைத்ததையும் காணவில்லை. இருபத்தைந்து ஆண்டுகள் வாழ்ந்த நாட்டில் குடியுரிமையும் பெறாமலே இறந்தார். நட்டவர் நிழலில் அமராத மரங்கள் உலகில் பலவுள, அவற்றுள் இஃதொன்று.

புகழைத் தேடிச் செல்லாமை அவருடைய இயல்பு. ஆராய்ச்சியில் உடனுழைத்தோர் பெயர்களை முன்னிறுத்தித் தாம் பின்னே நின்றார். அவர் மறைந்தபின் உடனுழைத்தோர் புதிய பூஞ்சணம் ஒன்றிற்கு ஸுப்பரோமைஸெஸ் என்று அவர் பெயரை இட்டனர். நூற்றாண்டு விழா நிகழ்ந்த 1995-ஆம் ஆண்டில் இந்திய அரசாங்கம் அவர் உருவம் பொறித்த அஞ்சற்றலை வெளியிட்டது.

அவருடைய வெற்றிகள் அனைத்தும் தனியொருவர் வெற்றியென்று புகல்வோமாயின் அவரே உடன்படமாட்டார். நெசவாலைப் பெண்களை ஆராய்ந்த வில்ஸ், கீரையரைத்த அறிஞர், ரஸாயனச் சாலையில் உழைத்தோர், தோல்வியைக் கண்டு கலங்காத பார்பர், தம் குழந்தைகளை அறியாத மருந்துக்கு ஒப்புக்கொடுத்த பெற்றோர் ஆகிய இவர் யாவரும் அவ்வெற்றியின் பங்காளிகளே.

மற்றொரு பங்காளியையும் மறத்தலாகாது. ஆந்திர நாட்டில், கணவர் வருவாரென்று காத்திருந்த சேஷகிரி அம்மையார் அவர். சுப்பாராவ் உலகிற்குச் செய்த நன்மையின் விலையில் ஒரு பகுதியை, கேளாமலே, அவர்மீது சுமத்தினார். பெரியோர் சரிதம் எழுதுவோர் இத்தகைய செய்திகளை ஒரு வரியிற் கடந்துபோவது வழக்கம். நாம் அவ்வாறு செய்ய விரும்பவில்லை. இது குற்றமா, கடமையின் கொடுமையா என்று தீர்ப்புரைக்கவும் நாம் துணியவில்லை. எத்தனையோ குழந்தைகள் பிழைத்த கணக்கில், தந்தை முகம் காணாத ஒரு குழந்தையும், தனித்திருந்த ஒரு தாயும் உண்டென்பதை மட்டும் எழுதி வைக்கின்றோம். மகிமையைக் கூறுவோர் அதன் விலையையும் கூறுதல் நேர்மையாம்.

பரீக்ஷையிற் தவறி, அறையிற் கதவடைத்துத் துயருறும் மாணவன் நம் கலாசாலையிலும் இருக்கக்கூடும். அவனுக்கு நாம் நீண்ட உபதேசம் செய்ய முற்படவில்லை. இருமுறை தவறி மூன்றாம் முறை தேறிய ஒருவர், உரிய பட்டம் கிடைக்காத ஒருவர், இந்நகரத் தெருக்களிலே கதராடையோடு நடந்து சென்றார் என்பதை மட்டும் அவனுக்கு நினைவூட்டுகின்றோம். மறுமுறை அவன் இராயபுரத்து மருந்துச் சாளரத்தைக் கடக்கையில், முந்தானையில் மஞ்சள் மாத்திரையை முடிந்துகொண்டு குழந்தையோடு வீடு திரும்பும் தாய் ஒருத்தியைக் காண்பானாயின், சிறிது நின்று பார்ப்பானாக. சுப்பாராவின் நினைவுச் சின்னம் அதுவே.